மின்சாரத் தோட்ட டிராக்டர்: அறிகுறியைக் கொண்டு மின்கோளாற்றைக் கண்டறியும் முறை

மின்சாரத் தோட்ட டிராக்டர் ஒன்று நின்றுபோனால் பெரும்பாலோரின் சந்தேகம் முதலில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மீதுதான் விழுகிறது. மின்பாகங்களில் விலை கூடியவற்றில் ஒன்று என்பதாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது என்பதாலும் அந்தச் சந்தேகம் எழுவது இயல்புதான். ஆனால் நான் இதுவரை பிரித்துப் பார்த்த வண்டிகளில் கோளாற்றின் வேர் பெரும்பாலும் தளர்ந்த ஒரு லக்கிலோ (வயரின் முனையில் உள்ள உலோக வளையம்), பேட்டரிக்குள் செத்துப்போன ஒரு செல்லிலோ, இருக்கைக்கு அடியில் இருக்கும் சிறிய சுவிட்சிலோதான் இருந்திருக்கிறது. ஆகவே இந்த வழிமுறை பேட்டரியில் தொடங்கி மோட்டாரை நோக்கிச் செல்கிறது. கன்ட்ரோலரை மாற்றும் பேச்சைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறது.

இங்கே தரப்படும் அளவுகள், ஆறு 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகளைத் தொடராக இணைத்த 36 வோல்ட் வண்டிக்கு உரியவை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் வெளியிட்ட எலெக்-ட்ராக் வரிசையில் இருந்ததும் இதே அமைப்புதான். 48 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் செல் கணக்கில் பெருக்கிக்கொள்ளலாம்: 36 வோல்ட் தொகுப்பில் 18 செல்களும், 48 வோல்ட் தொகுப்பில் 24 செல்களும் இருக்கின்றன.

தொடங்குவதற்கு முன்

36 வோல்ட் கையில் பட்டால் பெரிதாக அதிர்ச்சி தராது என்ற தைரியத்தில்தான் பலரும் தீக்காயம் படுகிறார்கள். ஒரு ஸ்பானர் இரண்டு டெர்மினல்களுக்கும் குறுக்கே விழுந்தால் அதன் வழியே ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். மோதிரமோ கைக்கடிகாரமோ அந்தப் பாதையில் அகப்பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். எனவே உலோகம் எதையும் கையில் அணியாமல், ஸ்பானரின் பிடி முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலையைத் தொடங்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும் என்பதால், சார்ஜ் முடிந்த உடனே பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து நெடுநேரம் காற்றாட விட்ட பிறகே வயர்களைக் கழற்ற வேண்டும். அமிலம் சிந்தினால் கொட்டுவதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கரைசல் செல்லுக்குள் மட்டும் போய்விடக் கூடாது. உடம்பிலோ கண்ணிலோ அமிலம் பட்டால் வெறும் தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கழுவுவதே முதல் வேலை.

மோட்டார் சுழல வாய்ப்புள்ள எந்தச் சோதனைக்கும் ஓட்டும் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, உறுதியான முட்டுக்கொடுக்க வேண்டும். புல் வெட்டும் தட்டின் இணைப்பைத் தனியே கழற்றி வைப்பது நல்லது.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரு மல்டிமீட்டரும், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரும் போதும். வயரைச் சுற்றிக் கவ்வி நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் இருந்தால் பாதி வேலை மிச்சம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் சட்டத்தில் வைத்து அளக்கும் பழக்கம் கார் வேலையிலிருந்து வருவது. இங்கே அது உதவாது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்காது என்பதால், கறுப்பு முனை எப்போதும் தொகுப்பின் நெகட்டிவ் டெர்மினலிலேயே இருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பியும் எந்தச் சலனமும் இல்லை

முதலில் தொகுப்பின் மொத்த மின்னழுத்தத்தை அளக்கவும். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல தொகுப்பு ஏறக்குறைய 38.2 வோல்ட் காட்டும். பாதி சார்ஜில் 36.3 வோல்ட் இருக்கும். 35-க்கு இறங்கியிருந்தால் பேட்டரி ஏறத்தாழ காலி. மீட்டர் பூஜ்யமோ, எகிறிக் குதிக்கும் எண்களோ காட்டினால் இரண்டு பேட்டரிகளுக்கு இடையிலான ஏதோ ஒரு வயர் அறுந்திருக்கிறது அல்லது பிரதான ஃப்யூஸ் போயிருக்கிறது.

மின்னழுத்தம் சரியாக இருந்தால் சாவிச் சுற்றைப் படிப்படியாகப் பின்தொடர வேண்டும். பொதுவாக அந்தப் பாதை தொகுப்பின் பாசிட்டிவில் புறப்பட்டு, சிறிய ஃப்யூஸ், சாவி, இருக்கைச் சுவிட்சு, பிரேக் சுவிட்சு ஆகியவற்றைக் கடந்து, கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்சின்) காயில் எனும் கம்பிச்சுருள் வழியாக நெகட்டிவுக்குத் திரும்புகிறது. சில வண்டிகளில் சார்ஜர் செருகியிருக்கும்போது நகரவிடாத சுவிட்சும் இடையில் இருக்கும். ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சாவியையும் திருப்பிய நிலையில், மீட்டரின் சிவப்பு முனையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திச் செல்லவும். எந்த இடம்வரை 36 வோல்ட் வருகிறதோ, எந்த இடத்தில் அது காணாமல் போகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதே பழுதடைந்த பாகம். காயிலின் இரு முனைகளுக்கு இடையே முழு மின்னழுத்தம் இருந்தும் கான்டாக்டர் 'டக்' என்று ஒலிக்காவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். வயரைக் கழற்றி மின்தடையை அளந்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையின்போது கான்டாக்டர் காயில் இணைப்பிலேயே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. துருப்பிடித்த சுவிட்சு ஒன்று, மின்னோட்டம் பாயாத நிலையில் 36 வோல்ட்டை அப்படியே மீட்டருக்குக் காட்டிவிட்டு, காயில் மின்னோட்டத்தை இழுக்கும் கணத்தில் 10 வோல்ட்டாகச் சரிந்துவிடும்.

சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சிறிய ஃப்யூஸ் போனால், காயிலின் குறுக்கே இருக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடைப் பாருங்கள். ஷார்ட் ஆன டயோடும், தலைகீழாகப் பொருத்திய டயோடும் இதே விளைவைத்தான் தரும். டயோடையே பிடுங்கிவிட்டு ஓட்டினால் வண்டி ஓடும். ஆனால் காயில் அணையும்போது எழும் உயர் மின்னழுத்தம் சாவியின் தொடுமுனைகளைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

'டக்' என்ற ஒலி கேட்கிறது, வண்டி நகரவில்லை

ஒலி கேட்டால் சாவிச் சுற்று நலம் என்று பொருள். அடுத்து, கான்டாக்டரின் இரண்டு பெரிய டெர்மினல்களுக்குக் குறுக்கே மீட்டரை வைத்து, வேக மிதிகட்டையை அழுத்தச் சொல்லுங்கள். இயங்கும் நிலையில் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். சில வோல்ட்டுகளோ, முழு 36 வோல்ட்டோ அங்கேயே நின்றுவிட்டால் தொடுமுனைகள் கருகிக் குழிவிழுந்திருக்கின்றன. மூடியிருப்பதாகக் காயில் நினைக்கிறது, மின்சாரம் கடக்கவில்லை. அரம் போட்டுத் தேய்த்துச் சில நாள் ஓட்டலாம், ஆனால் மேற்பூச்சு போன முனை மறுபடி விரைவாகக் கருகும். கான்டாக்டரை மாற்றுவதே நிரந்தர வழி.

கான்டாக்டர் தாண்டி மின்னழுத்தம் வந்தும் மோட்டார் அசையாவிட்டால், கன்ட்ரோலர் உள்ள வண்டிகளில் ஒரு சிறிய விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். மிதிகட்டை அழுத்திய நிலையில் சாவியைத் திருப்பினால் வண்டியை நகரவிடாத பாதுகாப்பு பல கன்ட்ரோலர்களில் உண்டு. மிதிகட்டையின் ஸ்பிரிங் தளர்ந்து, அது முழுவதும் மேலே வராமல் இருந்தாலும் கன்ட்ரோலர் அப்படியே எடுத்துக்கொள்ளும். மிதிகட்டையோடு இணைந்து, அது அழுந்தும் அளவுக்கேற்ப மின்தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டரை வயரிலிருந்து கழற்றி, மெதுவாக அழுத்தியபடி மின்தடையை அளக்கவும். பல வண்டிகளில் அது 0-விலிருந்து 5 கிலோஓம் வரை சீராக ஏற வேண்டும். இடையில் எங்காவது எண் துள்ளினால், வண்டி ஓடும்போது அந்த இடத்தில்தான் வெட்டி வெட்டி இழுக்கும்.

பழைய பாணி வண்டிகளில் கன்ட்ரோலருக்குப் பதிலாக மின்தடைகளையும் கான்டாக்டர்களையும் கொண்டு வேகத்தைப் படிப்படியாக மாற்றுவார்கள். அவற்றில் ஒரு வேகத்தில் மட்டும் வண்டி ஓடாவிட்டால், அந்தப் படிக்குரிய மின்தடைக் கம்பி எரிந்து அறுந்திருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நகர்கிறது, ஆனால் ஏற்றத்தில் திணறுகிறது. சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது

வருகிற புகார்களில் அதிகமானது இதுதான்; அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஓய்வில் அளந்த மின்னழுத்தம் மட்டும் பேட்டரியின் உடல்நிலையைச் சொல்வதில்லை. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் சும்மா இருக்கும்போது 6.2 வோல்ட் காட்டும். அதனால் சோதனையை லோடில்தான், அதாவது மோட்டார் மின்சாரத்தை இழுக்கும்போதுதான், செய்ய வேண்டும்.

தொகுப்பை முழுவதுமாகச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கொடுங்கள். பிறகு உயரமான புல்லிலோ ஏற்றத்திலோ வண்டியை ஓட்டியபடி ஒவ்வொரு பேட்டரியின் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதி மீட்டரில் இருந்தால், மீட்டரை பேட்டரியோடு முதலைக் கிளிப்பால் கவ்வி வைத்துவிட்டு, கண்ணைப் பாதையில் வைத்து ஓட்டலாம். ஒரே ஏற்றத்தை ஆறு முறை ஏறினால் ஆறு எண்கள் கிடைக்கும். அண்மையில் ஒரு வண்டியில் ஐந்து பேட்டரிகள் 5.7-க்கும் 5.8-க்கும் இடையே நின்றன. நான்காவது மட்டும் 3.8-க்கு விழுந்தது. இடைவெளி ஏறக்குறைய 2 வோல்ட் என்பதே போதுமான தடயம்: ஒரு செல் முழுவதும் படுத்துவிட்டது. அதன் மூன்று மூடிகளையும் திறந்து ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்தபோது இரண்டு செல்களில் 1.265 இருந்தது, நடுச் செல்லில் மிதவை எழும்பவே இல்லை.

ஹைட்ரோமீட்டர் அளவுகளைப் படிக்கும்போது, முழு சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை இருப்பது இயல்பு. எண் சற்றுக் குறைவாக இருப்பதைவிட, செல்லுக்குச் செல் இருக்கும் வேறுபாடே முக்கியம். ஒரே பேட்டரியின் செல்களுக்கிடையே 0.050 வேறுபாடு வந்தால் அந்த பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எல்லாச் செல்களும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் அது சார்ஜர் முழுமையாக ஏற்றாததன் அடையாளம். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள். தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், எண் பொய்யாகும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் வரிசை உண்டு. தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, சார்ஜ் செய்து, அதன் பிறகே முழு மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். முதலிலேயே விளிம்புவரை நிரப்பினால், சார்ஜில் திரவம் விரிந்து, அமிலம் மூடி வழியே பொங்கி, கீழே உள்ள இரும்புத் தட்டை அரித்துவிடும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக மட்டுமே இருக்க வேண்டும். அமிலத்தை மறுபடி சேர்ப்பது, கெட்டிருக்கும் பேட்டரியை மறைக்கும் வேலையே.

ஒரு பேட்டரி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாமா என்ற கேள்வி உடனே வரும். தொகுப்பு ஓராண்டுக்குள் என்றால் மாற்றலாம். நான்கைந்து ஆண்டு உழைத்த தொகுப்பில் புதியதைச் செருகினால், பழைய ஐந்தும் முன்னதாகவே காலியாகும்; புதியது மீதமிருக்கும் சார்ஜோடு அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படித் தள்ளப்படும் பலவீனமான செல், மின்முனை தலைகீழாகும் அளவுக்கு வெறுமையாகிச் சீக்கிரமே செத்துவிடும். லோடில் தொகுப்பு 31.5 வோல்ட்டுக்குக் கீழே நீடித்தால், அதாவது செல்லுக்கு 1.75 வோல்ட், அத்துடன் அன்றைய வேலையை நிறுத்திவிடுவது நல்லது.

விளக்குக்காக இரண்டு பேட்டரிகளிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால், அந்த இரண்டும் சார்ஜில் எப்போதும் மற்ற நான்குக்கும் பின்னால்தான் இருக்கும். அதற்கு 36-ஐ 12 ஆக மாற்றும் கன்வெர்ட்டரைத் தொகுப்பு முழுவதற்கும் குறுக்கே இணைப்பதே சரி.

பேட்டரிகள் நலம், ஆனாலும் வலு இல்லை. ஏதோ ஒரு இடம் சுடுகிறது

என் சொந்த வண்டி ஒரு பருவம் முழுவதும் இப்படித்தான் இருந்தது. பேட்டரிகள் ஆறும் லோடில் ஒன்றுபோலவே நின்றன; மோட்டாரைப் பிரித்து பிரஷ் பார்த்தேன், குறை இல்லை. கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்பலாமா என்ற யோசனையில் இருந்தபோது, வேலை முடித்து மூடியைத் திறந்ததும் சூடான ரப்பர் வாசம் வந்தது. மூன்றாவது பேட்டரிக்கும் நான்காவதுக்கும் இடையிலான வயரைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. லக் வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. ரப்பர் உறையைக் கீறிப் பார்த்தபோது, லக்கின் வாய்க்குள் இருந்த செம்புக் கம்பிகள் பச்சைக் களிம்பேறிப் பொடியாகியிருந்தன. லோடில் அந்த ஒரு வயரின் குறுக்கே 1.4 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. 100 ஆம்பியர் ஓடும்போது அது 140 வாட் வெப்பம்; சாலிடர் காய்ச்சும் கம்பியைவிட அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளியது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தூணின் மீதே அழுத்தி, மறு முனையை லக்கின் மீது வைத்து, லோடு கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு லக்குக்கும் வயரின் கம்பிக்கும் இடையே, பிறகு வயரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே என்று நகருங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். 100 ஆம்பியரில் ஒரே இணைப்பில் 0.2 வோல்ட் இழப்பு என்றால் 20 வாட் வெப்பம் அங்கே உருவாகிறது. அதை விட்டுவைக்கக் கூடாது. ஓட்டி நிறுத்திய உடனே புறங்கையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோனாலும் சூடானது எது என்று தெரியும்.

கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டும்போது, லக் நேரடியாக ஈயத் தூணின் மீது உட்கார வேண்டும். வாஷர் அதற்கு மேலேதான் வர வேண்டும். எவர்சில்வர் வாஷரை லக்குக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிவிட்டால், அது மின்தடையாகி, தூண் உருகி வழிந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். இறுக்கிய பிறகே வாசலின் பூச வேண்டும். மிகையாக இறுக்கினாலும் ஈயம் அமுங்கித் தளர்ந்துவிடும்.

சார்ஜர் தொடங்கவே இல்லை, அல்லது முடிக்கவே இல்லை

தானியங்கி சார்ஜர்கள் பல, தொகுப்பில் குறிப்பிட்ட அளவு மின்னழுத்தம் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் தொகுப்பு அதற்கும் கீழே இறங்கியிருந்தால், சார்ஜர் கெட்டதுபோலத் தோன்றும். தொகுப்பின் இணைப்புகளைப் பிரித்து, சிறிய 6 வோல்ட் சார்ஜரால் ஒவ்வொரு பேட்டரியையும் ஓரிரு மணி நேரம் ஏற்றிவிட்டுத் திரும்ப இணைத்தால் பெரும்பாலும் அது விழித்துக்கொள்ளும்.

முடிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் சார்ஜரின் கதை வேறு. நல்ல தொகுப்பு சார்ஜின் இறுதியில் செல்லுக்கு 2.4 வோல்ட்டுக்கு மேல், அதாவது 43 முதல் 44.5 வோல்ட் வரை ஏறும். ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் தொகுப்பு அந்த உயரத்தை எட்டுவதில்லை. சார்ஜரும் முடிந்தது என்று உணர்வதில்லை. விளைவாக மற்ற 17 செல்களும் இரவெல்லாம் கொதித்துத் தண்ணீரை இழக்கும். அடிக்கடி தண்ணீர் கேட்கும் தொகுப்பில் முதலில் தேட வேண்டியது இந்தச் செல்லைத்தான். எல்லா பேட்டரிகளும் ஒன்றுபோலக் கொதித்து, மின்னழுத்தம் 46-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் மட்டுமே சார்ஜரைக் குறை சொல்லலாம். அப்போதும், செல்களைச் சமன்செய்யும் கட்டத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த உயரம் அதற்கு இயல்பானதே.

சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்குகிறது

சாவியை அணைத்து, பிரதான வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை மின்னோட்ட அளவில் வைத்துப் பார்த்தால் திருட்டு மின்னோட்டம் தெரிந்துவிடும். அப்படி வைத்த நிலையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். எதுவும் தெரியாவிட்டால் பேட்டரியின் மேற்பரப்பைப் பாருங்கள். தூசியோடு கலந்த அமிலப் படலம் தானே மின்சாரத்தைக் கடத்தும். ஒரு முனையை டெர்மினலிலும் மறு முனையைப் பிளாஸ்டிக் மேற்பரப்பிலும் வைத்தால் மீட்டர் வோல்ட் காட்டும். சோடாத் தண்ணீரால் கழுவித் துடைத்தால் அது போய்விடும்.

தொகுப்பின் பாசிட்டிவுக்கும் சட்டத்துக்கும் இடையேயும் அளந்து பார்க்கலாம். மீட்டர் காட்டும் சில வோல்ட்டைக் கண்டு பதறாமல், அதே இடத்தில் ஒரு சிறிய பல்பை இணைத்துப் பாருங்கள். பல்பும் எரிந்தால் எங்கோ ஒரு வயரின் தோல் உரிந்து சட்டத்தைத் தொடுகிறது. ஒரு இடத்தில் தொடுவதால் வண்டி நிற்காது. இரண்டாவது இடத்திலும் தொட்டால் அது ஷார்ட்.

சாவியை அணைத்தும் வண்டி நிற்கவில்லை

உடனே, பேட்டரித் தொகுப்பை வண்டியோடு இணைக்கும் பிரதான பிளக்கைப் பிடுங்குங்கள்; ஆராய்ச்சி பிறகு. கான்டாக்டரின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கன்ட்ரோலரின் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை காலியாக இருக்கும்போது கான்டாக்டர் மூடினால், ஒரு கணம் பெருவெள்ளமாகப் பாயும் மின்னோட்டம் முனைகளைப் பற்றவைத்துவிடும். அதைத் தடுக்கவே கான்டாக்டருக்குக் குறுக்கே ஒரு மின்தடை வைத்து, கெப்பாசிட்டர்களை முன்கூட்டியே மெல்ல நிரப்புகிறார்கள். ஆகவே கான்டாக்டரை மாற்றும்போது அந்த மின்தடையையும் அளக்கவும். அது அறுந்திருந்தால் புதிய கான்டாக்டரும் அதே வழியில்தான் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், ஒரு பல்பைக் குறுக்கே இணைத்து அது அணையும்வரை காத்திருந்தே கன்ட்ரோலரில் கை வைக்க வேண்டும்.

போன ஃப்யூஸுக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்துக்கான ஃப்யூஸைப் போடாதீர்கள். மாறுமின்னோட்டம் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் அங்கே தீப்பொறி தானே அணைகிறது. நேர்மின்னோட்டத்தில் அந்த இடைவேளை இல்லை, பொறி தொடர்ந்து எரியும்.

மோட்டார் பொறி பறக்கிறது, அல்லது வெட்டும் மோட்டார் மட்டும் நின்றுவிடுகிறது

கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்தால், பிரஷ் உரசச் சுழலும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரில் நீலப் பொறி பறக்கும். நல்ல கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் சில பட்டைகள் மட்டும் கறுத்திருந்தால், மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் சுற்று ஒன்று அறுந்திருக்கக்கூடும்; அதை மோட்டார் கட்டுபவரிடம் கொடுப்பதே வழி. புலச்சுருளும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்த சீரீஸ் மோட்டாரை பெல்ட்டிலிருந்து கழற்றி, முழு மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கக் கூடாது. லோடு இல்லாமல் அதன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சர் சிதறிவிடும்.

வெட்டும் மோட்டார்கள் தனித்தனியாக உள்ள வண்டியில், அவற்றின் வயர்களைக் கிளாம்ப் மீட்டரால் ஒப்பிட்டாலே போதும். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு இழுத்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த மோட்டாரின் வெட்டும் அலகைக் கையுறையோடு சுற்றிப் பாருங்கள். தண்டில் சுற்றிய புல்லோ இறுகிப்போன பேரிங்கோதான் பெரும்பாலும் கையில் தட்டுப்படும்.

லித்தியம் தொகுப்புக்கு மாறியவர்களுக்கு

லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பில் மேலே சொன்ன மின்னழுத்தக் கணக்கு எடுபடாது. பெரும்பகுதி சார்ஜில் செல் ஏறக்குறைய 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். வண்டி சட்டென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முழுவதும் அணைந்தால் அது, செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். துண்டித்ததாகத்தான் இருக்கும். ஏதேனும் ஒரு செல் தாழ்ந்தாலும், மின்னோட்டம் எல்லையை மீறினாலும், சூடானாலும் அது துண்டிக்கும். அப்போது வெளி டெர்மினலில் பூஜ்யம் தெரிவதைக் கண்டு பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாமல், செல்களின் அளவுகளைப் பி.எம்.எஸ். செயலியிலோ, சமநிலை வயர்களிலோ பாருங்கள். லோடை எடுத்துவிட்டு, அதற்குரிய சார்ஜரைச் செருகினால் பல பி.எம்.எஸ்.கள் மறுபடி திறந்துகொள்ளும். வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் பல பி.எம்.எஸ்.கள் சார்ஜை அனுமதிக்காது. அந்தக் குளிரில் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும் என்பதால், அது மறுப்பது பழுது அல்ல. வண்டியை வெதுவெதுப்பான இடத்துக்குத் தள்ளிவைத்துச் சில மணி நேரம் கழித்து மீண்டும் செருகிப் பாருங்கள்.